நிறையா, விசையா? பட்டறைக்குள் போகும் முன் தெளிய வேண்டியது

ஐடிஐ மாணவர்களின் ‘ஒர்க்‌ஷாப் கால்குலேஷன்’ பாடத்தில் நிறை, எடை, அடர்த்தி என்று ஒரு பகுதி உண்டு. ரயில்வேயின் உதவி லோகோ பைலட் தேர்வின் இரண்டாம் கட்டப் பாடத்திட்டத்திலும் அதே தலைப்பு இருக்கிறது. பாலிடெக்னிக்கிலும் பொறியியல் முதலாண்டிலும் மறுபடி வருகிறது. ‘நிறை எங்கும் மாறாது, எடை இடத்துக்கு இடம் மாறும்’ என்ற வரியை ஒப்பித்து, இரண்டு மதிப்பெண் வாங்கிக்கொண்டு பெரும்பாலோர் கடந்துவிடுகிறார்கள். வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் அந்த வரி கைகொடுப்பதில்லை. கிரேன் கொக்கியில் ‘5 டன்’ என்று எழுதியிருக்கிறது. கம்ப்ரசர் கேஜைப் பார்த்து ‘7 கேஜி இருக்கு’ என்கிறார் சீனியர். டார்க் ரெஞ்சில் நியூட்டன் மீட்டர். கான்கிரீட் கட்டியை நசுக்கும் இயந்திரத்தில் கிலோநியூட்டன்.

எந்த எண்ணைப் பார்த்தாலும் முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இது பொருள் எவ்வளவு இருக்கிறது என்று சொல்கிறதா, அல்லது எவ்வளவு பலமாக இழுக்கிறது, தள்ளுகிறது என்று சொல்கிறதா? முதலாவது நிறை, அலகு கிலோகிராம். இரண்டாவது விசை, அலகு நியூட்டன். எடை இரண்டாவது வகையைச் சேர்ந்தது. பூமி அந்தப் பொருளை இழுக்கும் விசைதான் எடை. ஒரு கிலோகிராம் நிறையைப் பூமி சுமார் 9.8 நியூட்டன் விசையால் இழுக்கிறது. வேலையிடத்தில் மனக்கணக்குப் போட 10 என்றே வைத்துக்கொள்ளலாம். விடை 2 சதவீதம் கூடுதலாக வரும். சுமை தூக்கும் கணக்கில் கூடுதலாக எண்ணுவது பாதுகாப்பான பக்கம்.

பட்டறைப் பேச்சில் வரும் ‘கேஜி’ பல இடங்களில் நிறையைக் குறிப்பதில்லை. கம்ப்ரசரில் 7 கேஜி என்றால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் மீதும் 7 கிலோவின் எடைக்குச் சமமான விசை அழுத்துகிறது என்று பொருள். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள நியூமேட்டிக் சிலிண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிஸ்டன் பரப்பு ஏறக்குறைய 19.6 சதுர சென்டிமீட்டர். 7 கேஜி காற்றைத் திறந்துவிட்டால் பிஸ்டன் 137 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும். ஒரு கையில் தூக்கிவிடக்கூடிய சிலிண்டர் இரண்டு ஆட்களின் எடை அளவுக்கு அழுத்துகிறது. ‘சின்ன சிலிண்டர்தானே’ என்று இடையில் விரலை விடுபவர்கள் பார்ப்பது அதன் நிறையை. விரலைச் சிதைப்பது விசை.

கட்டுமானத் துறைக்குப் போகிறவர்களுக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கான்கிரீட் கட்டிச் சோதனை. 150 மில்லிமீட்டர் பக்கமுள்ள கட்டியைத் தராசில் வைத்தால் சுமார் 8 கிலோ காட்டும். அது எம்20 கான்கிரீட் என்றால், ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்க வேண்டும். கட்டியின் முகம் 22,500 சதுர மில்லிமீட்டர். இரண்டையும் பெருக்கினால் 4,50,000 நியூட்டன், அதாவது 450 கிலோநியூட்டன். அதன் தலையில் 46 டன் ஏற்றி வைத்ததற்குச் சமம். ஒரே கட்டிக்கு இரண்டு எண்கள் கிடைக்கின்றன. 8 கிலோ அதன் நிறை. 450 கிலோநியூட்டன் அது உடையாமல் தாங்க வேண்டிய விசை. ஆய்வகப் பதிவேட்டில் இரண்டும் அடுத்தடுத்த கட்டங்களில் வரும். எந்த எண் எந்தக் கட்டத்துக்கு உரியது என்று தெரியாமல் நிரப்பினால் அறிக்கை திரும்பி வரும்.

இனி, சுமை தூக்கும் இடத்துக்கு வருவோம். இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இந்தப் பாடம் உயிரோடு நேரடியாகத் தொடர்புகொள்ளும் இடம் இது.

2 டன் இயந்திரம் ஒன்றை இரண்டு பெல்ட் போட்டுத் தூக்க வேண்டும். நைலான், பாலியெஸ்டர் பெல்ட்டுகளுக்கு நிற அடையாளம் உண்டு: ஊதா 1 டன், பச்சை 2 டன், மஞ்சள் 3 டன். ஊதா நிறத்தில் இரண்டு பெல்ட் இருக்கிறது. ஒன்றும் ஒன்றும் இரண்டு, சரியாகப் போதும் என்று தோன்றும். நிறையைக் கூட்டுவது போல விசையைக் கூட்டிய கணக்கு இது. நிறைக்குத் திசை கிடையாது. 1 கிலோ அரிசியும் 1 கிலோ அரிசியும் எப்படி வைத்தாலும் 2 கிலோதான். விசைக்குத் திசை உண்டு. இரண்டு பெல்ட்டும் நேர் செங்குத்தாகத் தொங்கினால் மட்டுமே ஆளுக்கு 1 டன் என்று பங்கு பிரியும். இரண்டும் ஒரே கொக்கியில் சேரும்போது சாய்ந்துதான் நிற்கும். சாய்ந்த பெல்ட்டின் இழுப்பில் ஒரு பகுதிதான் சுமையை மேலே தூக்குகிறது. மீதி, பக்கவாட்டில் ஒன்றையொன்று இழுத்துக்கொள்வதில் போகிறது. வீட்டில் துணி காயப்போடும் கொடியை விறைப்பாகக் கட்டிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். நனைந்த போர்வை ஒன்றைப் போட்டாலே விறைப்பான கொடி அறுந்துபோகும், தொய்வாகக் கட்டியது தாங்கும்.

எண்களில் பார்ப்போம். 2 டன் சுமை, இரண்டு பெல்ட், அதாவது இரண்டு கால் சிலிங். கால்கள் செங்குத்தாக இருந்தால் ஒவ்வொன்றிலும் 1,000 கிலோ எடைக்குச் சமமான இழுவிசை. கிடைமட்டத்திலிருந்து 60 டிகிரிக்குச் சாய்ந்தால் 1,155. 45 டிகிரியில் 1,414. 30 டிகிரியில் 2,000. இயந்திரத்தின் நிறை ஒரு கிராம்கூடக் கூடவில்லை. ஆனால் 30 டிகிரியில் ஒவ்வொரு பெல்ட்டும் முழு இயந்திரத்தையும் தனியாகத் தாங்குவதற்குச் சமம். நம் ஊதா பெல்ட் 60 டிகிரியிலேயே அனுமதித்த வரம்பைத் தாண்டிவிட்டது. பெல்ட் லேபிளில் இரண்டு கால்களுக்கான பெருக்கு எண் போட்டிருந்தால் கவனியுங்கள். செங்குத்திலிருந்து 45 டிகிரிச் சாய்வு வரை 1.4, அங்கிருந்து 60 டிகிரி வரை 1 என்று இருக்கும். இரண்டு ஊதா பெல்ட் 45 டிகிரியில் தூக்கலாம் என்று அது சொல்வது 2 டன் அல்ல, 1.4 டன். செங்குத்திலிருந்து 60 டிகிரிக்கு மேல் சாய்த்துத் தூக்கவே கூடாது.

சைட்டில் கோணமானி யாரிடமும் இருக்காது. டேப் இருக்கும், அது போதும். கொக்கியிலிருந்து சுமையில் கட்டிய இடம் வரை பெல்ட்டின் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். கட்டிய இடத்தின் மட்டத்திலிருந்து கொக்கி வரை செங்குத்து உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். நீளத்தை உயரத்தால் வகுத்து, சுமையில் பாதியோடு பெருக்கினால் ஒரு காலின் இழுவிசை வந்துவிடும். பெல்ட் நீளம் 2 மீட்டர், உயரம் 1 மீட்டர் என்றால் 2 மடங்கு. உயரத்தைக் கூட்டினால், அதாவது நீளமான பெல்ட் போட்டால், இந்த மடங்கு குறையும். இன்னும் சுருக்கமான வழியும் உண்டு. இரண்டு கட்டுமிடங்களுக்கும் இடையே உள்ள தூரத்தைவிட ஒரு காலின் நீளம் குறையக் கூடாது. இரண்டும் சமமாக இருந்தால் சமபக்க முக்கோணம், கிடைமட்டத்திலிருந்து கோணம் 60 டிகிரி. கூரை உயரம் போதவில்லை என்று குட்டையான பெல்ட்டைப் போடச் சொன்னால், அந்த இடத்தில் பெல்ட்டுகளை அகலமாகப் பிரித்துச் செங்குத்தாகத் தொங்கவிடும் ஸ்பிரெடர் பீம் கேளுங்கள். புதிதாகச் சேர்ந்த டிரெய்னி கேட்கலாமா என்ற தயக்கம் வேண்டாம். நல்ல ரிக்கர்கள் இந்தக் கேள்வியை மதிப்பார்கள்.

சுமையின் நிறையே தெரியாதபோது என்ன செய்வது? ஊகித்துத் தூக்கக் கூடாது, கணக்கிட்டுத் தூக்க வேண்டும். இரும்பின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 7,850 கிலோ. இதை மனதில் வைக்க எளிய வடிவம்: ஒரு சதுர மீட்டர் தகட்டில் ஒவ்வொரு மில்லிமீட்டர் கனத்துக்கும் 7.85 கிலோ. இரண்டரை மீட்டர் நீளம், ஒன்றேகால் மீட்டர் அகலம், 20 மில்லிமீட்டர் கனமுள்ள தகடு ஏறக்குறைய 490 கிலோ, அரை டன் என்று சொல்லிவிடலாம். கட்டுக்கம்பிக்கு விட்டத்தை வர்க்கப்படுத்தி 162 ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று கிடைக்கும். 12 மில்லிமீட்டர் கம்பி 0.89, 16 மில்லிமீட்டர் 1.58. கம்பி போட்ட கான்கிரீட் ஒரு கன மீட்டர் 2,500 கிலோ. இந்த மூன்றும் மனப்பாடமாக இருந்தால் சைட்டில் பாதிக் கணக்கு முடிந்தது. டேங்க்குகளைத் தூக்கும்போது உள்ளே தண்ணீர் மிச்சம் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். ஒரு கன மீட்டர் தண்ணீர் முழுசாக ஒரு டன்.

எடையைக் கிரேன் பார்த்துக்கொள்கிறது, நமக்கென்ன என்று நினைக்கிற இடத்தில்தான் அடுத்த ஆபத்து. கொக்கியில் தொங்கும் ஒரு டன் சுமை மெதுவாக ஆடுகிறது, நொடிக்கு ஒரு மீட்டர் வேகம். நாம் சாதாரணமாக நடப்பதைவிடக் குறைவு. பார்க்க இதமாகத்தான் இருக்கும், ஒரு விரலால் நகர்த்திவிடலாம் போலத் தோன்றும். எடையைக் கம்பி தாங்கிக்கொண்டிருப்பதால் வரும் தோற்றம் அது. நிறை எங்கும் போய்விடவில்லை. ஓடுகிற பொருளை நிறுத்துவதற்கும் நிற்கிற பொருளை நகர்த்துவதற்கும் எதிர்ப்புக் காட்டுவது நிறை. மேலே தொங்கவிட்டாலும், சக்கரத்தில் வைத்தாலும் அந்த எதிர்ப்பு முழுதாக இருக்கும். அந்தச் சுமையை 10 சென்டிமீட்டர் தூரத்துக்குள் நிறுத்த 5,000 நியூட்டன் விசை வேண்டும், அரை டன் தூக்கும் பலம். யாராலும் முடியாது. சுவருக்கும் சுமைக்கும் நடுவில் கை மாட்டி, ஒரு சென்டிமீட்டரில் நின்றால் 50,000 நியூட்டன். ஐந்து டன் கையின் மேல் இறங்குவதற்குச் சமம். அதனால்தான் சுமையின் ஓரத்தில் நீளமான கைக்கயிறு கட்டி, தள்ளி நின்று, ஆட்டம் தொடங்கும்போதே அடக்குகிறார்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவும் கூடாது.

கிரேன் ஆபரேட்டர் பொத்தானைத் தட்டித் தட்டித் தூக்குவதைத் தவிர்க்கச் சொல்வதற்கும் இதே காரணம். சுமை சீரான வேகத்தில் ஏறும்போது கம்பியின் இழுவிசை எடைக்குச் சமம். மேல்நோக்கி வேகமெடுக்கும் கணத்தில் அது எடையைவிட அதிகம். தொய்வான கம்பியோடு தூக்கத் தொடங்கி, கம்பி திடீரென விறைத்தால் சுமையின் எடையைப் போல இரண்டு மடங்கும் அதற்கு மேலும் போகலாம். முதலில் கம்பியை விறைக்கவிட்டு, ஒரு சாண் தூக்கி நிறுத்தி, பிரேக் பிடிக்கிறதா, சுமை சமநிலையில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே மேலே ஏற்ற வேண்டும்.

இதே கணக்கு இன்டர்வியூவில் லிஃப்டாக மாறி வரும். லிஃப்டுக்குள் எடை பார்க்கும் இயந்திரத்தின் மேல் 60 கிலோ நிறையுள்ள ஒருவர் நிற்கிறார். லிஃப்ட் நொடிக்கு நொடி ஒரு மீட்டர் என்ற முடுக்கத்தில் மேலே கிளம்புகிறது. இயந்திரம் என்ன காட்டும்? ஏறக்குறைய 66. சீரான வேகத்துக்கு வந்ததும்? மறுபடி 60. கயிறு அறுந்து லிஃப்ட் தடையின்றி விழுந்தால்? சுழி. இங்கே பலர் ‘எடை போய்விட்டது’ என்கிறார்கள். பூமியின் இழுப்பு அப்படியேதான் இருக்கிறது. தரை நம்மைத் தாங்கும் விசைதான் போய்விட்டது. சர்வதேச விண்வெளி நிலையத்தில் வீரர்கள் மிதப்பதும் இதனால்தான். 400 கிலோமீட்டர் உயரத்திலும் பூமியின் ஈர்ப்பில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு மிச்சமிருக்கிறது. நிலையமும் வீரர்களும் சேர்ந்து விழுந்துகொண்டே சுற்றுவதால் தாங்குவதற்குத் தரை இல்லை. அங்கே உடல் நிறையைச் சாதாரணத் தராசில் பார்க்க முடியாது. ஆளை ஸ்பிரிங்கோடு சேர்த்து, ஸ்பிரிங் அவரை எப்படி இயக்குகிறது என்று பார்த்து நிறையைக் கண்டுபிடிக்கிறார்கள்.

லிஃப்ட் பராமரிப்பு வேலைக்குப் போகிறவர்கள் கதவருகே இருக்கும் பலகையையும் படிக்கப் பழகுங்கள். ‘8 நபர், 544 கிலோ’ என்று இருக்கும். ஆளுக்கு 68 கிலோ என்ற கணக்கு அது. ஆறு பேர் ஏறி, கூடவே கிரானைட் பலகைகளை ஏற்றினால், தலையை மட்டும் எண்ணுகிறவருக்கு ஆபத்து தெரியாது.

எடை பார்க்கும் கருவிகளே ஒரு பெரிய வேலைவாய்ப்புத் துறை. வேபிரிட்ஜ், தொழிற்சாலைத் தராசு, நகைக்கடைத் தராசு, மருந்து ஆய்வகத் தராசு என்று பரந்து கிடக்கிறது. இரண்டு தட்டுத் தராசு, ஒரு பக்கப் பொருளை மறுபக்கப் படிக்கல்லோடு ஒப்பிடுகிறது. ஈர்ப்பு கூடினாலும் குறைந்தாலும் இரண்டு பக்கமும் ஒரே போல மாறுவதால் முடிவு மாறாது; அது காட்டுவது நிறையை. மின்னணுத் தராசுக்குள் இருக்கும் லோடு செல் விசையால் கொஞ்சமே கொஞ்சம் வளையும் உலோகத் துண்டு. அதற்குத் தெரிந்தது விசை மட்டும். அந்த விசையைக் கிலோவாக மாற்றிக் காட்டுவது உள்ளே பதிந்த கணக்கு. ஈர்ப்பு மாறும் இடத்துக்குத் தராசைக் கொண்டுபோனால் அந்தக் கணக்குப் பிசகும். புவியீர்ப்பு முடுக்கம் சென்னையில் சுமார் 9.783, வட ஜெர்மனியில் 9.81க்குச் சற்று மேலே. அங்கே சரிபார்த்த தராசைப் பெட்டி பிரித்து இங்கே அப்படியே வைத்தால் 10 கிலோவுக்கு 30 கிராம் குறைவாகக் காட்டும். சென்னையிலிருந்து ஊட்டிக்கு ஏற்றினாலும் 10 கிலோவுக்கு ஐந்தாறு கிராம் குறையும். காய்கறிக் கடைக்கு இது பொருட்டில்லை. நகைக்கும் மருந்துக்கும் பொருட்டு. அதனால் தராசை நிறுவும் இடத்திலேயே தரப் படிக்கல் வைத்துச் சரிசெய்கிறார்கள். காலிபிரேஷன் டெக்னீஷியன் என்ற வேலையின் மையம் இது. அந்தப் படிக்கல் இன்னொரு துல்லியமான கல்லோடு ஒப்பிடப்பட்டது, அது இன்னொன்றோடு என்று சங்கிலி புதுதில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம் வரை போகும். உலக அளவில் 2019 மே 20 முதல் கிலோகிராமை ஓர் உலோக உருளையால் வரையறுப்பதில்லை. பிளாங்க் மாறிலியின் மதிப்பைக் கொண்டு வரையறுக்கிறார்கள். காலிபிரேஷன் ஆய்வக இன்டர்வியூவுக்குப் போகிறவர் இந்தத் தேதியைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

சந்திரயான்-3 பற்றியும் கேட்பார்கள். விக்ரம் லேண்டர் கிளம்பும்போது 1,752 கிலோ. பூமியில் அதன் எடை 17,000 நியூட்டனுக்கு மேல். நிலவில் ஈர்ப்பு முடுக்கம் 1.62, ஆகவே அதே நிறைக்கு எடை சுமார் 2,840 நியூட்டன்தான். அதிலிருந்த முக்கிய எஞ்சின்கள் நான்கு, ஒவ்வொன்றும் 800 நியூட்டன், ஆக 3,200. பூமியில் தன்னைத் தூக்க முடியாத கலம் நிலவில் தன்னைத் தாங்கி இறங்க முடிந்தது இதனால். ஆனால் நிலவைச் சுற்றி நொடிக்கு 1.68 கிலோமீட்டர் வேகத்தில் போன கலத்தை நிறுத்துவதில் எந்தச் சலுகையும் கிடைக்கவில்லை. நிறை அங்கேயும் அதேதான். 2023 ஆகஸ்ட் 23 அன்று கடைசி இறக்கம் சுமார் 19 நிமிடங்கள் நீடித்ததில் பெரும்பகுதி அந்த வேகத்தைக் குறைக்கவே செலவானது. அந்தத் திட்டத்தின் இயக்குநர் விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல், மெக்கானிக்கல் டிப்ளமோவில் தொடங்கியவர் என்பதைப் பாலிடெக்னிக் மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இன்டர்வியூவில் எந்தக் கேள்வி வந்தாலும் முதலில் காகிதத்தை எடுத்து, பொருளை ஒரு கட்டமாக வரைந்து, அதன் மீது செயல்படும் விசைகளை அம்புக்குறியாகப் போடுங்கள். வாயால் பதில் சொல்லத் தொடங்குவதற்கு முன் இதைச் செய்கிறவரைத் தேர்வாளர் கவனிப்பார். உதாரணமாக, 500 கிலோ லேத் இயந்திரத்தைத் தரையில் தள்ள எவ்வளவு விசை வேண்டும் என்று கேட்கிறார்கள். கீழ்நோக்கி எடை 4,900 நியூட்டன், மேல்நோக்கித் தரையின் தாங்கு விசை அதே அளவு, தள்ளுகிற திசைக்கு எதிராக உராய்வு. உராய்வுக் கெழு 0.4 என்று கொடுத்தால் 1,960 நியூட்டன், ஏறக்குறைய 200 கிலோ தூக்கும் பலம். அடியில் உருளைக் குழாய்களைச் செருகினால் கெழு 0.03 அளவுக்கு இறங்கும் என்று வைத்துக்கொள்வோம். 150 நியூட்டன் போதும், ஒருவரே தள்ளிவிடலாம். பலர் இங்கே நிறுத்திவிடுவார்கள். நீங்கள் இன்னும் ஒரு வாக்கியம் சேர்த்துச் சொல்லுங்கள்: நகரத் தொடங்கிய பிறகு அது 500 கிலோதான், உருளையின் மேல் உராய்வு அதை நிறுத்தாது, அதனால் முன்னால் யாரும் நிற்கக் கூடாது, சரிவு இருந்தால் பின்னாலிருந்து கயிறு கட்டிப் பிடித்திருக்க வேண்டும், வைக்கும் இடத்தில் மர ஆப்பு தயாராக இருக்க வேண்டும்.